மரச்சில்லுக்கும் சேர்த்து விலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பழம்பொருள் சேகரிப்புக் கட்டுரையில், பைசாந்திய (கிழக்கு உரோமைப்) பேரரசுக் காலத்துத் திருப்பண்டச் சிலுவைகளை, அதாவது புனிதர்களின் எச்சத்தையோ இயேசுவின் சிலுவை மரத்துண்டையோ உள்ளே வைத்த சிலுவைகளைப் பற்றி எழுதியவர், ‘உள்ளே திருப்பண்டம் இருந்தால் விலை இரட்டிப்பாகும்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்பவர் கிணற்றுக்கும் சேர்த்து விலை பேசுவதைப் போன்ற வரி. திருப்பண்டங்களை விற்பதைக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் விதி அறவே விலக்கியிருப்பது தாங்கள் அறியாததல்ல.

கட்டுரையோடு வந்த படத்தைப் பார்த்தபோது வருத்தம் இன்னும் கூடியது. இவ்வகை வெண்கலச் சிலுவைகள் பலவற்றில், ஒரு பக்கம் கணுக்கால் வரை நீண்ட அங்கியணிந்த இயேசுவும், மறுபக்கம் கைகளை உயர்த்திச் செபிக்கும் மாதாவும் இருப்பார்கள். தாங்கள் அச்சிட்டது மாதாவின் பக்கம். அதன் கீழே ‘சிலுவையில் அறையப்பட்ட இயேசு’ என்றிருக்கிறது. இரண்டு தகடுகளைக் கீலில் கோத்து, நடுக்குழிவில் திருப்பண்டத்தை வைத்து மூடி, மார்பில் அணிந்த சிலுவைகள் இவை. கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் நிக்கெபோரஸ் 811-இல் பாப்பரசர் மூன்றாம் லியோவுக்குத் தங்கத்தில் ஒன்றை அனுப்பினார்; காணிக்கையாகத்தான் அனுப்பினார், முதலீடாக அல்ல.

நானும் ஏமாந்தவன்தான். கப்பலில் பொறியாளராக இருந்தபோது, 1994-இல் இஸ்தான்புல்லில் ஒரு தெருவோரக் கடையில் நாற்பது டாலர் கொடுத்து ஒரு சிலுவையை வாங்கினேன். திறந்தால் மெழுகில் பதித்த மரச்சில்லு. வீட்டம்மாள் தவக்கால வெள்ளிகளில் அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றிவந்தார். மூன்றாம் ஆண்டில் அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்தேன். எண்ணூறு ஆண்டுக் களிம்பென்று நான் நம்பியிருந்த பச்சை முழுவதும் பஞ்சோடு வந்துவிட, அடியில் புதுப்பித்தளை பளிச்சென்றது. அசலாக இருந்திருந்தால், தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தடைவிதிக்கும் துருக்கியின் 2863-ஆம் எண் சட்டத்தின்கீழ் நான் சுங்கச் சாவடியிலேயே பிடிபட்டிருப்பேன். போலி என்னைக் காப்பாற்றியது. மரச்சில்லைத் தூக்கிப்போட மட்டும் வீட்டம்மாள் இன்றுவரை சம்மதிக்கவில்லை. இந்த ஆபத்துகளில் ஒன்றையேனும் முதலீட்டு ஆலோசகராகிவிட்ட தங்கள் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

இது முதல்முறையும் அல்ல. மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் ஊர் மீன்குழம்புக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்தது. இயேசு அறையப்பட்ட மெய்யான சிலுவையின் துண்டென்று மக்கள் முழந்தாளிட்டு வணங்கும் அங்குள்ள திருப்பண்டத்துக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய நான்கு பக்கக் கடிதம், ‘கட்டுரை அருமை என எழுதியோர்’ பட்டியலில் என் பெயராக மட்டும் வெளிவந்தது. தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

இப்போது நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் ஏதேனும் ஒரு மூலையில், படத்தில் இருப்பவர் மாதா என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.