உச்சி வெயிலில் கட்டட வேலையை நிறுத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கத்திரியில் எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் ஒரு மணி இருக்கும், சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருந்த சித்தாள் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுகிறார், கையைத் தொட்டால் கொதிக்கிறது, அப்புறம் கை கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், இன்னொருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார், நான் ஓடிப்போய் காய்ச்சல் மாத்திரை எடுத்து வந்தேன். மூன்றுமே தப்பு. நினைவு தப்பியவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெயிலால் ஏறிய சூடு பாராசிட்டமாலுக்கு இறங்காது. உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், உடனே உடம்பைக் குளிர வைப்பது.

அதைச் செய்தவர் மேஸ்திரி. சுவருக்குத் தண்ணீர் அடிக்கிற ட்யூப் பத்தடி தள்ளித்தான் கிடந்தது. முதலில் வந்த சுடுதண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு, அக்காவை நிழலுக்குத் தூக்கி, புடவையோடு நனைத்து, அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார், 108 வரும் வரை. அக்கா பிழைத்துக்கொண்டார்.

மேஸ்திரி துபாயில் வேலை பார்த்தவர். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது, சட்டமே இருக்கிறது. இங்கே? 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் 12 மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறார்களே தவிர, எங்கள் பகுதியில் ஒரு கட்டடத்திலாவது அந்த நேரத்தில் வேலை நின்று நான் பார்த்ததில்லை. அன்றாடக் கூலிக்கு வருகிறவர் தானாக எப்படி நிறுத்துவார்? காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு நிறுத்திவிட்டு, மிச்சத்தை 4 மணிக்கு மேல் பார்க்கட்டும், கூலியில் ஒரு ரூபாய் குறையக் கூடாது. இதை அறிவுரையாகச் சொன்னால் போதாது, ஆணையாகப் போட வேண்டும்.

இன்னொன்று. அந்த அக்கா காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்திருக்கிறார். குடத்தில் தண்ணீர் இருந்தது. ஆனால் பெண்கள் ஒதுங்க அங்கே இடமில்லை, அதனால் அவர்கள் யாருமே தண்ணீர் குடிப்பதில்லையாம். பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் போடும்போதே தற்காலிகமாக ஒரு கழிப்பறை அமைத்துவிட வேண்டும். அதுவரை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கதவைத் திறந்துவிடலாம். எங்கள் வீட்டுப் பின்பக்கக் கழிப்பறையின் பூட்டை எடுத்துவிட்டோம், வாசலில் ஒரு பானையும் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி