வரிசையில் பாறைக் குன்றுகளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கையில் எதை முதலில் காப்பாற்றுவது என்று பேச்சு வந்தாலே நம் கண் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய்விடுகிறது. புலிக் காப்பகம், யானை வழித்தடம், 2012இல் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நான் மேலூர்ப் பக்கத்துக்காரி. எங்களுக்குக் காடு என்றால் பாறைக் குன்று, முள்ளுப் புதர், கண்மாய்க் கரை. வருவாய்த் துறைக் கணக்கில் இதெல்லாம் தரிசு, புறம்போக்கு. அந்தப் பெயர் விழுந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மழை ஓய்ந்த மறுநாள் எங்கள் பக்கத்து அரிட்டாபட்டி மலையடியில் நின்று பாருங்கள். மொட்டைப் பாறைதான். ஆனால் தண்ணீர் இடுக்கில் கசிந்து, சுனையில் தேங்கி, ஓடையாக வழிந்து கண்மாய்க்கு வந்து சேரும். அது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். சித்திரை வெயிலில் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும்போதும் சுனையில் இரண்டு கை அள்ளலாம். ஓரத்து ஈர மண்ணில் மயிலும் கீரியும் வந்துபோன தடம் இருக்கும்.

இந்த இடத்தைத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகச் சட்டப்படி காக்க வேண்டிய இடமாக, அறிவித்தார்கள். மொத்தமே சுமார் 193 ஹெக்டேர். அதற்குள் ஏறக்குறைய 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், இதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் திரண்ட பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் எங்களுக்குப் பெரிய பிடியாக இருந்தது 2022 அறிவிப்புதான். அதே எல்லைக்குள் இருந்த மற்றக் குன்றுகளுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. அரிட்டாபட்டியோடு சேர்ந்து தப்பின, அவ்வளவுதான். இன்னொரு முறையும் அப்படித் தப்பும் என்று எப்படி நம்புவது?

பரப்பளவையும் பெரிய விலங்கையும் மட்டும் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது. போனால் திரும்பி வருமா, எவ்வளவு சீக்கிரம் போகும் என்று கேட்க வேண்டும். மரத்தை வெட்டினால் நட்டு வளர்க்கவாவது வழி இருக்கிறது. கல்லுக்காக உடைத்த குன்றை என்ன செய்ய முடியும்? அளவு சிறியது என்பதும் ஒரு காரணமே இல்லை. 2025இல் இரண்டாவது தலமாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டிக் கோயில்காடு ஐந்து ஹெக்டேர்கூடக் கிடையாது.

அப்புறம், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் குழு அமைத்து, அங்குள்ள உயிரினங்களைப் பற்றி ஊராரைக் கேட்டு எழுத வேண்டியது. நான் பார்த்த ஒரு பதிவேட்டில் வேம்பு, புளி, ஆடு, மாடு என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பட்டியல்தான் இருந்தது. எந்தச் சுனை கோடையில் வற்றாது, எந்தப் பாறையில் வல்லூறு கூடு வைக்கும் என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

மாநிலப் பல்லுயிர் வாரியம் அடுத்த தலத்தைத் தேடும்போது எங்கள் பக்கத்துக் குன்றுகளுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். சித்திரையிலேயே வரட்டும். தண்ணீர் நிற்கும் சுனைகளுக்குக் கூட்டிக்கொண்டு போக இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்