பெருவிரல் கவனம்

கொக்குவில்
ஆடி 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூட. மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. கிணறு இந்தமுறை வைகாசியிலேயே கீழே போய்விட்டது. உன்னுடைய இடது பெருவிரலுக்கு என்ன நடந்தது?

படத்தில் பார்த்தேன். பின்வளவுப் பிள்ளை போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, "பெரியப்பா, அண்ணா கனடாவிலை முதல் பரிசு எடுத்திருக்கிறார்" என்று காட்டினாள். நீ கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறாய், சிவப்பு நாடா தொங்குகிறது. சிவப்பென்றால் இரண்டாம் பரிசோ என்று அம்மா பயந்துபோனா. இல்லை, கனடாவில் முதல் பரிசுக்குத்தான் சிவப்பாம், அந்தப் பிள்ளை தேடிப் பார்த்துச் சொன்னாள். எனக்கு நாடாவைவிட விரல்தான் கண்ணில் பட்டது. வெள்ளைத் துணி, நல்ல தடிப்பான கட்டு. கீறல் காயத்துக்கு இப்படிக் கட்டமாட்டார்கள். மின்சார வாளா? அந்த மெசின்களில் கைக்குக் காவல் ஒன்று பூட்டியிருக்குமாமே, அதைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதே. மரத்தைத் தள்ளுவதற்குத் தடி ஒன்றைப் பாவித்துக்கொள்.

போட்டி முடிந்து மூன்று கிழமையாம். ஊர் முழுக்கத் தெரிந்து கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. சரி, உனக்கு வேலை இருந்திருக்கும். ஆனாலும் பெற்றதுகளுக்கு ஒரு போன் எடுக்க எவ்வளவு நேரம் போகும்? அக்காவுக்கும் நீ சொல்லவில்லையாம்.

படத்தைச் சந்தியில் உள்ள ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக அடித்து, லாமினேற் பண்ணி, விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, அவர்களே கேட்கட்டும் என்று இருப்பேன். கேட்காதவர்களை அந்தப் பக்கத்துக் கதிரையில் இருத்துவேன். தபால்காரர் இரண்டுதரம் பார்த்துவிட்டார்.

அது அப்புவின் சாய்மனைக் கதிரை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்புவின் கதிரை முதிரை, உன்னுடையது ஏதோ கறுத்த மரம், வோல்நட் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் அதே சாய்வு, அதே பிரம்புப் பின்னல், கைக்கு அடியில் மடிந்து கிடந்து, கால் நீட்டுகிறதுக்கு வெளியே இழுக்கிற அதே பலகை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு இடம்பெயர்ந்தபோது அதை விறாந்தையில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். 1996 வைகாசியில் மீசாலையிலிருந்து திரும்பி வந்தபோது கதிரை இல்லை. ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. எந்த அளவை வைத்துச் செய்தாய்?

இரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். கதிரையின் வலது கையில், நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இருபத்தைந்து சதக் குற்றியளவில் வட்டமாகக் கறுப்பு மரம் ஒன்றைப் பதித்திருக்கிறாய். நடுவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். அது அப்புவின் சுருட்டுச் சுட்ட இடமல்லவா? அப்பு பேப்பரோடு நித்திரையாகிப் போவதும், ஆச்சி வந்து சுருட்டைப் பிடுங்கி முற்றத்தில் எறிவதும்! எனக்கே மறந்துபோயிருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் அலுமாரிக் கதவு மாரியில் இறுகிவிடும், வைகாசியில் தானாகத் திறக்கும், உனக்குத் தெரியும். அங்கே பனிக்காலத்தில் ஹீற்றர் போட்டு வீட்டைக் காயவைக்கிறீர்கள், மரம் சுருங்கப் பார்க்கும். கதிரையை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதே. பேஸ்மென்ரில்தான் முழுக்கச் செய்தாய் என்று போட்டிருந்தது. இரண்டாவது படத்தில் கதிரைக்குப் பின்னால் மெத்தை ஒன்று நிலத்தில் கிடக்கிறது. வேலை செய்து களைத்தால் சரிகிறதுக்குப் போட்டிருப்பான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். மருமகளை ஒரு படத்திலும் காணவில்லை. படம் எடுத்தது அவவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். களைப்போடு மெசினுக்குக் கிட்டப் போகாதே தம்பி. கண் செருகினால் விரல்தான் போகும்.

படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததை அந்தப் பிள்ளை வாசித்தாள். "மரத்தை வீணாக்குகிறான், இனி வரவேண்டாம் என்று என்னைத் துரத்திவிட்ட ஓடாவியாருக்கு" என்று முடித்திருக்கிறாய். நிறையப் பேர் சிரித்திருக்கிறார்களாம். நான் அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு இருந்தேன்.

ஓடாவியார் அப்படிச் சொல்லவில்லை.

1994இல் உனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை அவருடைய வேலியில் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவாய். தலையெல்லாம் மரச்சீவல், காதில் பென்சில். இரும்புச் சாமான் வராத தடைக்காலம், ஆணிக்கு வழியில்லை, அவர் எல்லாவற்றையும் துளையும் முளையுமாகவே பூட்டுவார். அதைத்தான் நீ பழகினாய். அந்தத் தவணை கணக்குக்கு 42 எடுத்தாய். நான் கந்தோரால் வந்து ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, உடுப்புக்கூட மாற்றாமல் அவரிடம் போனேன். படலைக்கு வெளியே நின்றபடியே, என்னைவிடப் பத்து வயது மூத்த மனிசனை "நீ" என்று கூப்பிட்டேன். "எங்கடை பிள்ளை படிக்கிற பிள்ளை, நாங்கள் உளி பிடிக்கிற ஆக்கள் இல்லை" என்றேன். அவர் உளியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு, "சரி ஐயா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து உனக்கு வேறு கதை சொன்னேன். மரம் வீணாகுது என்று அவர் முறையிட்டதாக. அப்படிச் சொன்னால்தான் நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ அந்த ஒழுங்கையாலேயே போகவில்லை, வாசிகசாலைப் பக்கத்தால் சுற்றிப் போனாய். நோவு வந்தால் நீ சண்டை பிடிக்கமாட்டாய், பேசாமல் சுற்றிப் போவாய். இப்போதும் அந்தப் பழக்கம் உன்னிடம் இருக்கிறதோ தெரியாது.

சொல்ல இன்னும் இருக்கிறது. இடம்பெயர்ந்து போகும்போது ஓடாவியார் தன் தச்சு ஆயுதங்களைச் சாக்கில் சுற்றி வேப்பமரத்தடியில் தாட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து தோண்டி எடுத்தவர், ஒருநாள் பின்னேரம் சின்னச் சீவுளி ஒன்றைக் கொண்டுவந்து, நான் அன்று நின்ற மாதிரியே எங்கள் படலைக்கு வெளியே நின்று, "தம்பியிட்டைக் குடுங்கோ ஐயா, அவனுக்குக் கை நல்லாப் பிடிக்கும்" என்றார். நீ ரியூசனுக்குப் போயிருந்தாய். வாங்கிப் பரணில் போட்டேன். உனக்குக் கொடுக்கவில்லை. முதலில் சோதனை முடியட்டும் என்று நினைத்தேன், பிறகு நீ வெளிநாடு போய்விட்டாய், பிறகு என்னவென்று சொல்லிக் கொடுப்பது? அவர் செத்தபோது நீ போனில், "அந்த மனிசன் போட்டுதோ" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "ஓம், போட்டுது" என்றேன்.

அவர் வீட்டுக்கு நீ போன காலத்தில் செய்த குட்டி வாங்கு இன்னும் குசினியில் கிடக்கிறது. அம்மா அதில் குந்தித்தான் தேங்காய் திருவுகிறா. வேப்பம் பலகை, ஓர் ஆணி இல்லை, முப்பது வருசமாகியும் ஆடவில்லை. அவர் பேரில் நீ எழுதினதை மாற்றிவிடு. எப்படி மாற்றுவது என்பது உன் பாடு. என்னுடைய பேரைப் போட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

சீவுளியைப் பரணால் இறக்கிவிட்டேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். மரம் அப்படியே இருக்கிறது, கை பிடித்த இடம் மட்டும் வழுவழு என்று குழிந்திருக்கிறது. அலகில் துரு, ஆப்பு இறுகிவிட்டது. தட்டிக் கழற்றப் பார்த்தேன், வெடித்துவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமோ, அது மரத்தில் பட்டால் பழுதோ? உனக்குத்தான் தெரியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு மார்க்கம் நகரிலிருந்து அக்காவின் மச்சாள் வருகிறா. தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவவிடம் கொடுத்துவிடுகிறோம், பெரிய பையில் வைத்தால் விமானத்தில் பிரச்சினை இல்லையாம். அம்மா அதைப் போர்வை ஒன்றில் சுற்றித் தருகிறா. ஒற்றைப் போர்வைதான். இரண்டு தேவை என்றால் சொல்லட்டாம்.

எண்ணெய் விசயத்தைப் போனில் சொல்லு. நான் காலை 6 மணிக்கு எழும்பிவிடுவேன், உங்களுக்கு அப்போது முதல்நாள் இரவு 8.30. காயத்தை நனையவிடாதே.

அப்பா