கொச்சிக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மாமா முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கைத்தடி இல்லாமலே வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே அம்மா எங்களோடேயே வந்துவிட்டார். சின்னவனைத் தூங்க வைப்பது இப்போது அவர் பொறுப்பு. கதை முடியாமல் அவன் கண்ணை மூடுவதில்லை.

முழு ஆண்டு லீவில் பிள்ளைகளைக் காரில் கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம், கிளம்புகிற அன்று காலையில்தான் அவர்களிடம் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கலா, இப்போதே சொல்லிவிடு. விடிவதற்குள் எழுப்பிக் காரில் ஏற்றினால் பெரியவள் சமாளிப்பாள். நாலு வயதுக் குட்டிக்கு எங்கே போகிறோம், ராத்திரி எங்கே தூங்குவோம், அப்பத்தா வருவாங்களா என்பதெல்லாம் பெரிய விஷயம். அது தெரியாவிட்டால் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் முதலில் வரும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளை பாதி அழுகையை விட்டுவிடும் என்பது நான் கண்ணால் பார்த்தது.

முதல் வேலையாக இரண்டு பேரையும் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடு. அங்கே பிள்ளைகளுக்கு டிக்கெட் வயதுக்கு இல்லை, உயரத்துக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இலவசம். அதிலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். தலைகீழாகச் சுற்றுகிற மாதிரியான பெரிய ரைடுகளுக்கு 140 செ.மீ. இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். இதை வரிசையில் அரை மணி நேரம் நின்றபின் வாசல் ஆள் சொல்லி உன் மகள் கேட்கக் கூடாது. வீட்டிலேயே நீ சொல்லிவிட வேண்டும். காரணத்தையும் சொல். மடிமேல் இறங்கிப் பிடிக்கும் அந்தக் கம்பி பெரிய உடம்புக்கு என்று செய்தது, சின்ன உடம்பு அதற்குள் நழுவிவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். “நீ குட்டி, அதனால் முடியாது” என்று மட்டும் சொன்னால் அதற்கு மனசு வலிக்கும். கூடவே, அவர்கள் ஏறக்கூடியவை எவை என்று பார்க்கின் வெப்சைட்டில் படம் காட்டி, ஆளுக்கு இரண்டை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்.

வரிசையில் நிற்கவும் பழக்கிவிடு. ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் போகும்போது கூட்டிப் போய், முறை வரும்வரை விடுகதை போடு. லீவு நாட்களில் அங்கே கூட்டம் நெரியும். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

பாதை சுலபம். அவிநாசியில் 544-ஆம் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆலுவா வரை அதே சாலைதான். நீலாம்பூரில் பைபாஸ் ஏறி மதுக்கரை, வாளையாறு. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் மலை விலகி நிற்க, நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கும். நம் ஊருக்குத் தென்மேற்குக் காற்று வருகிற கதவு அதுதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டு. அப்புறம் குதிரான் மலையைக் குடைந்து போட்ட சுரங்கப்பாதை வரும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். 2021-இல் அதன் இரண்டு பாதைகளில் முதலாவது திறக்கும்வரை அந்த மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் சுரங்கத்தைப் பற்றியும் முதல் நாளே சொல்லிவை. “குதிரான் எப்போ வரும்?” என்று கேட்டுக்கொண்டே திருச்சூர் பக்கம் வந்துவிடுவார்கள்.

காரில் கையில் செல்போன் கொடுக்காதே. வண்டி அசைவது காதின் உட்பகுதிக்குத் தெரியும், ஆனால் கண் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வரும். நேராகச் சாலையைப் பார்க்க வை. காலையில் ஓர் இட்லி போதும், பால் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டும் போகாதே, முன் சீட்டில் கூடவே கூடாது. சின்னவனுக்குக் குழந்தை சீட், பெரியவளுக்கும் பெல்ட் சரியாகப் பொருந்த உயர்த்தி உட்கார வைக்கும், அவள் உயரத்துக்கு ஏற்ற பூஸ்டர் சீட், அதோடு பெல்ட். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், இதை மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை விடு, திடீர் பிரேக்கில் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. வழியில் இந்தியன் காபி ஹவுஸ் கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட் சேர்த்த சிவப்பு மசாலா இருக்கும். என் பெரியவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை ஆகாது, நைலான் துணிதான் கேட்பார்கள். இங்கேயே வாங்கிவிடு. அலைக்குளத்தில் சின்னவன் உன் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும். இதில் மட்டும் நான் துளிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன். முழங்கால் தண்ணீரிலும் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும், கையைத் தூக்கிக் கூப்பிடவெல்லாம் அதற்கு முடியாது. நீயும் உன் வீட்டுக்காரரும் மாறி மாறிப் பாருங்கள், யார் முறை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் முன்கையிலும் உன் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடு. தொலைந்துவிட்டால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்ட ஆளிடமோ குழந்தையோடு வந்த ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று வீட்டில் விளையாட்டாகவே நடித்துக் காட்டு. உன் பெயரைக் கேட்டால் “அம்மா” என்றுதான் சின்னவன் சொல்வான். முழுப்பெயரையும் சொல்லிப் பழக்கு.

அப்பத்தாவையும் கூட்டிப் போகிறாய்தானே? பைகளைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லாதே, அவருக்கும் ஒரு ராட்டினம் ஏறிப் பார்க்கும் ஆசை இருக்கும்.

தேதி முடிவானதும் எழுது. போகிற வழியில் பைபாஸிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்து, காலை இட்லியை இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என் பெரியவள் சின்ன வயதில் உட்கார்ந்த பூஸ்டர் சீட் சும்மாதான் கிடக்கிறது, உன் மகளுக்கு எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி