கோரிக்கை மனு: குடியிருப்பு ஏரியில் ஏரேட்டரை (நீரைக் கலக்கிக் காற்றூட்டும் இயந்திரத்தை) மீண்டும் இயக்கித் துர்நாற்றத்தைப் போக்கித் தர வேண்டுதல்

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்கத்தினர்,
ஏரிக்கரைக் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும் அவற்றுக்கான ஒப்புகைச் சீட்டுகளும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புறவழிச் சாலையிலிருந்து மேல்நிலைத் தொட்டியை ஒட்டி எங்கள் குடியிருப்புக்குத் திரும்பும் வழியையும், அதன் மேற்கு ஓரத்தில் உள்ள செயற்கை ஏரியையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதன் கரையில் மரக்கன்று நடும் விழாவுக்குத் தாங்களே வந்து சிறப்பித்தீர்கள். அந்த ஏரி குறித்து முன்பு அளித்த மனுக்களுக்கு இதுவரை பதில் கிடைக்காததால், கீழ்க்கண்டவற்றை மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1. மனைப்பிரிவுக்கு அனுமதி பெற்றபோதே பூங்காவும் ஏரியும் பொது ஒதுக்கீட்டு இடமாகத் தானப் பத்திரம் எழுதி நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. நகல் இணைத்துள்ளோம்.

2. இது நொய்யலிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்பிய பழைய குளம் அன்று. மானாவாரிக் காட்டைத் தோண்டி, அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைத் தேக்கியது. இதற்கு நீர் வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. 17.8.2024 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடப்படும்போது இதற்கும் விடக்கூடாதா என்று எங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். விவசாயிகள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற தண்ணீரை மனைப்பிரிவின் அழகுக்குக் கேட்பது நியாயமாகாது என்பதால், சங்கம் அதைக் கேட்கவில்லை.

3. நம் பகுதி மழை மறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டுமே வருகிறது. மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு வருகிறது. ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 20,000 லிட்டருக்கு மேல் போய்விடும். போவது தண்ணீர் மட்டுமே. உப்பும், பூங்காவுக்குப் போட்ட உரமும், மீனுக்கென்று பொதுமக்கள் வீசும் பொரியும் அடியிலேயே தங்கி, மிஞ்சிய நீரைப் பாசிக்குத் தீனியாக்கிவிடுகின்றன.

4. ஐயா, எங்களை வாட்டுவது நாற்றம்தான். மின் கட்டண நிலுவைக்காக ஏரேட்டரின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட நாளிலிருந்து தண்ணீர் அசையவே இல்லை. பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதுவும் சேர்ந்து உறிஞ்சுகிறது. ஆகவே விடியும் முன்தான் நீரில் பிராணவாயு மிகவும் குறைகிறது. அந்த நேரத்தில் ஜிலேபிக் கெண்டைகள் கரையோரம் வந்து நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதையும், வெயில் ஏறுவதற்குள் அவையே வெள்ளை வயிறு தெரிய மிதப்பதையும் நடைப்பயிற்சி செய்வோர் அன்றாடம் பார்க்கின்றனர். இறந்த மீன்களை அள்ளுவதற்கு ஆள் இல்லை. மேல்காற்று ஏரியைத் தாண்டி நேராக எங்கள் வீதிகளுக்குள் வீசுவதால், கிழக்குக் கரை வீடுகளில் சன்னல் இடுக்குகளில் ஈரத் துணியைச் செருகிவைத்துச் சமைக்கிறார்கள். உலர்த்திய துணியிலும் அந்த நாற்றம் ஏறிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களை உறவினர் வீடுகளுக்கு அனுப்பிவைத்த குடும்பங்களும் உண்டு. ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள், கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏனுங்க, பக்கத்துல ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? எந்தத் துறையைக் கைகாட்டுவார்?

5. நடவடிக்கை எதுவுமே எடுக்கப்படவில்லை என்று சொல்லமாட்டோம். ஒரு நாள் பணியாளர்கள் வந்து பிளீச்சிங் பவுடரைத் தூவிச் சென்றார்கள். பாசி மொத்தமாக மடிந்து அழுகியது. அழுகல் மிச்சமிருந்த பிராணவாயுவையும் தின்றது. உயிரோடிருந்த மீன்களிலும் பல செத்தன. அந்த வாரம் எங்கள் வீதிகளில் யாரும் கதவைத் திறக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பில் குறிக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

6. நீர் வற்றிய கரையில் வெயில் பட்டு விரிப்பு வெடித்துக் கிழிகிறது. நீலப்பச்சைப் பாசியில் சில வகை கால்நடைகளுக்கு நஞ்சு என்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன.

7. கொசுவைப் பற்றி எழுதவே தெம்பில்லை.

ஆகவே, நிலுவையைச் செலுத்தி ஏரேட்டரை இரவு முதல் விடியும் வரையிலாவது ஓட்ட உத்தரவிடுமாறும், இறந்த மீன்களை உடனடியாக அள்ளி, ஐப்பசி மழைக்கு முன் அடிச்சகதியை வாரி எடுத்து, வீதி மழைநீர் வடிகாலை வண்டல் வடிகட்டியோடு ஏரிக்குத் திருப்பித் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம். வீடுகளுக்குக் குடிநீர் தரும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏரியை நிரப்ப வேண்டாம். அதை நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம். முழு ஏரியையும் பராமரிக்க நிதி இல்லை என்றால், பாதியை மூடிப் புங்கனும் வேம்பும் நட்டுவிடுங்கள். அதற்கும் சம்மதித்துப் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். ஏரியாகவும் இல்லாமல், நிலமாகவும் இல்லாமல் இப்படியே விட்டுவைப்பதற்கு மட்டும் எங்களால் சம்மதிக்க இயலாது.

"மனு பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் இனி எங்களுக்கு வேண்டாம், ஐயா. தாங்கள் ஒருமுறை காலை ஐந்தரை மணிக்குக் கிழக்குக் கரை வீதியில் வந்து நில்லுங்கள். அலுவலக நேரத்தில் வேண்டாம். அப்போது காற்றுத் திசை மாறியிருந்தால், நாங்கள் மிகைப்படுத்துவதாகவே தோன்றும். காவலாளியிடம் சொல்லி வாயிலைத் திறந்துவைக்கிறோம். ஏரேட்டரை ஓட்டித் தாருங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் கிழக்குக் கரை வீதிக் குடும்பத்தினர்.

இணைப்பு: தானப் பத்திர நகல், பொதுக்குழுத் தீர்மான நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள், புகைப்படங்கள்.