ஆடிப் பார்த்துவிட்டு மதிப்பிடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகிய துறைகளில் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

வீடியோ கேம் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு நீங்கள் அநேகமாக இரண்டு வழிகளைத்தான் திறந்து வைத்திருக்கிறீர்கள். வன்முறை, அடிமையாதல் என்று பாதிப்பை ஆராயலாம். அல்லது கேமில் வரும் கதையை ஆராயலாம். இரண்டிலும் விடுபட்டுப்போவது விளையாட்டின் விதிகள். பண்பாடு சார்ந்த பொருளில் பெரும்பகுதி அந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

2013இல் லூகாஸ் போப் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் ஊழியர் நீங்கள். காலாவதித் தேதி, வழங்கிய ஊர், புகைப்படம் எல்லாம் பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து முடிக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் கூலி. பிழை செய்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். நாள் முடிந்ததும் வாடகை, சாப்பாடு, குளிர்காய எரிபொருள் என்று செலவுக் கணக்கு திரையில் வந்து நிற்கும். பணம் போதாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் நோயில் விழுவார்கள். ஒருநாள் ஒருவர் சரியான தாள்களோடு வருகிறார். அடுத்து என் மனைவி வருகிறாள், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்கிறார். அந்த மனைவியிடமோ நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதைச்சுருக்கமாக எழுதினால் இது ஒரு பரிதாபக் காட்சி, அவ்வளவுதான். ஆடுகிறவருக்கு நடப்பது வேறு. கூலிக்காக அவசரப்பட்டு, நாளடைவில் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் பார்க்கப் பழகிவிடுகிறார். அதிகார அமைப்பின் ஈவிரக்கமின்மை கெட்ட மனிதர்களால் மட்டும் வருவதில்லை என்பதை அவர் தன் கையால் செய்தே தெரிந்துகொள்கிறார். கூலியும் கடிகாரமும் அபராதமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வசனத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

விதிகள் எதிர்த்திசையிலும் பேசும். 1991இல் தொடங்கிய ‘சிவிலைசேஷன்’ தொடரில் நகரம் நிறுவுவதும் நிலத்தைப் பிடிப்பதும் தொழில்நுட்பத்தில் முந்துவதும்தான் முன்னேற்றம். 2018இல் அதன் ஆறாம் பாகத்துக்கான விரிவாக்கத்தில் கனடாவின் பூர்வகுடிகளில் ஒன்றான கிரீ மக்களின் 19ஆம் நூற்றாண்டுத் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தார்கள். கனடாவில் உள்ள பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் பிரதிநிதி ஒருவர் வெளிப்படையாக ஆட்சேபித்தார். பிற மக்களை வென்று அவர்களின் நிலத்தை அடைவது குடியேற்ற ஆதிக்கத்தின் மதிப்பீடு. எங்கள் மக்களும் அதையே விரும்பினார்கள் என்ற கட்டுக்கதைக்கு இது வலுச்சேர்க்கிறது என்பது அவர் வாதம். உடை, இசை, மொழி என்று எவ்வளவு மெனக்கெட்டாலும், பவுண்ட்மேக்கரை இறக்கிவிட்ட களத்தின் விதி நிலப்பறிப்பாக இருக்கும்போது அந்த மரியாதைக்கு என்ன பொருள்? முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுக்க விவாதிக்கத் தகுந்த கேள்வி இது.

வெண்பாவின் தளையை, அதாவது சீர்கள் இணையும் விதியை, தொடாமல் கருத்தை மட்டும் உரைநடையாக்கித் தருவதை யாப்பு வகுப்பில் நீங்கள் ஏற்கமாட்டீர்கள். கேம் ஆய்வில் மட்டும் அதை ஏன் ஏற்கிறீர்கள்?

இது நேற்று முளைத்த துறை அல்ல. ‘கேம் ஸ்டடீஸ்’ ஆய்விதழ் 2001இலேயே வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1997இல், ஓர் அமெரிக்க ஆய்வாளர், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் ‘டெட்ரிஸ்’ கேமை 1990களின் அமெரிக்கர்களை அழுத்திய வேலைச்சுமையின் வடிவமாக வாசித்தார். ஆனால் டெட்ரிஸ் பிறந்ததோ 1984இல், மாஸ்கோவில். விதிகளை விட்டுவிட்டு இல்லாத கதையைத் திணிக்கிறீர்கள் என்று அந்த ஆய்விதழின் முதல் இதழிலேயே கடும் மறுப்பு வந்தது. நான் மறுத்தவர்கள் பக்கம்தான், ஆனால் முழுதாக அல்ல. விதி மட்டுமே எல்லாம் என்றால், பவுண்ட்மேக்கர் என்ற பெயரும் முகமும் வந்ததும் ஏன் அந்த ஆட்சேபம் எழுந்தது? விதியும் வேடமும் உரசும் இடத்தைப் படிக்கத்தான் உங்கள் துறைகளின் பயிற்சி தேவைப்படுகிறது. கணினித் துறையிடம் இதைத் தள்ளிவிட முடியாது.

ஆகவே என் வேண்டுகோள். கேம் பற்றிய ஆய்வேட்டை மதிப்பிடுபவர் அந்த கேமை ஆடியிருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். எந்தப் பதிப்பை, எந்தக் கருவியில் ஆடினார் என்பதோடு மாணவர் எடுத்த ஆட்டப் பதிவை மேற்கோளுக்குரிய சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நூலகத்துக்குப் பழைய கன்சோல்களை வாங்குங்கள், அவசரமானது இதுதான். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு காட்டியது. நூலகங்கள் பாதுகாத்துவைத்த கேம்களை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து ஆடிப் பார்க்க அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நூலகத்துக்கு நேரில் போய்த்தான் ஆட வேண்டும். அப்படியானால் உங்கள் நூலகத்திலேயே ஓடும் நிலையில் ஒரு கருவியும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஓர் ஊழியரும் இருக்க வேண்டும். அடுத்த நிதிநிலைத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கேம்களை ஆடியும் ஆராய்ந்தும் வரும் ஒருவர்