சனிக்கிழமை வாசிப்பு வட்டத்திற்கு ஒரு நன்றி மடல்

எருசலேமில் ஓராண்டுக் காலம் என்னையும் உடன் அமர்த்திக்கொண்டு, யூதர்களின் திருநூலான தோராவின் (மோசேயின் ஐந்து ஆகமங்களின்) வாரப் பகுதிகளைப் படித்த பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு வாசிப்பு நிறைவுறும் சிம்ஹத் தோரா திருநாளன்று உபாகமத்தின் கடைசி வரிகளை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளை நீங்கள் தொடங்கியபோதுதான், பராஷா எனப்படும் 54 வாரப் பகுதிகளையும் ஒரு சுற்று முடித்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. தமிழ் வேதாகமத்தைச் சிறுவயது முதலே வாசித்தவன் என்பதால், கதையெல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் முதல் நாள் வந்தேன். அந்த நினைப்பு ஆதியாகமத்தின் வாயிஷ்லாக் என்ற பகுதியை வாசித்த வாரம் வரைதான் தாக்குப்பிடித்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அண்ணனும் தம்பியும் சந்திக்கும் இடம் அது. ஆதியாகமம் 33:4-இல் ஏசா ஓடிவந்து யாக்கோபை முத்தமிட்டான் என்பதை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். தோராச் சுருளில் அந்த வசனத்தின் ‘முத்தமிட்டான்’ என்ற ஒரு சொல்லின் எழுத்துகள்மேல் மட்டும் வரிசையாகப் புள்ளிகள் இருப்பதை, வகுப்பை நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியை விரலால் தொட்டுக் காட்டினார். உயிர்க்குறிகளோ நிறுத்தக்குறிகளோ இல்லாத சுருளில் இந்தப் புள்ளிகளுக்கு என்ன வேலை? அவன் முழு மனத்தோடு முத்தமிடவில்லை என்பார் ஒரு சாரார். பகை இருந்தபோதும் அந்தக் கணத்தில் இரக்கம் மேலிட்டு முழு மனத்தோடுதான் முத்தமிட்டான் என்பார் பண்டைய யூத அறிஞர் ரபி சிமியோன் பார் யோகாய். இரண்டையும் எடுத்துரைத்த இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி, தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை, ஒன்றரை மணி நேரம் வாதிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனீர்கள்.

“ராஷிக்கு இங்கே எது இடறியது?” என்று ஆசிரியை அம்மையார் வாரந்தோறும் கேட்பார். 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாரப் பகுதி குறித்த வினாத்தாள்களை எழுதி அனுப்பிவந்த இஸ்ரேலிய வேதாகம ஆசிரியை நெகாமா லைபோவிட்ஸ் வழக்கமாகக் கேட்ட கேள்வி அது என்பதையும் அவரே சொன்னார். ஊர் திரும்பிய பிறகு பரிமேலழகரைப் பிரித்தாலும் அதே கேள்விதான் முன்னே வந்து நிற்கிறது. இதற்காக அம்மையாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வாரம் நான் பேனாவை எடுத்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓய்வுநாளில் எழுதக் கூடாது என்ற விதி யூதனல்லாத என்னைக் கட்டுப்படுத்தாது என்று நீங்களே சொன்னீர்கள் என்றாலும், யாரும் எழுதாத அறையில் என் பேனாவின் ஓசை எனக்கே பிடிக்கவில்லை. அதன்பின் கேட்டதை மனத்தில் சுமந்துசென்று, ஓய்வுநாள் முடிந்ததன் அடையாளமாக மூன்று விண்மீன்கள் தெரிந்த பிறகே எழுதினேன். அப்படி எழுதியதில் நான் யாருடைய கருத்தை யார் தலையில் கட்டியிருந்தேன் என்பதை ஞாயிறு காலையில் தொலைபேசியில் பொறுமையாகத் திருத்திய நண்பருக்கும், உரைகளை அச்சிடப் பயன்படும் ராஷி எழுத்துருவை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்த மூதாட்டிக்கும் நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். தோல்நோய்ச் சட்டங்கள் நிறைந்த தஸ்ரியா, மெட்சோரா பகுதிகளில் நான் கொட்டாவி விட்டதை யாவரும் பெருந்தன்மையோடு காணாததுபோல் இருந்துவிட்டீர்கள், அதற்கும் நன்றி.

நடுவில் மூலமும் சுற்றிலும் உரைகளுமாக அச்சிட்ட உங்கள் ஆதியாகமத் தொகுதி என் பெட்டியோடு இங்கே வந்துவிட்டது. வாயிஷ்லாக் வாரத்திற்குள் உங்கள் கைக்குக் கிடைக்கும்படி அதை அனுப்பிவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சனிக்கிழமை மாணவன்